ஏழு பருவம் கண்ட ஜாக்கிப் பிழிபொறி

டொரன்டோவில் செப்டம்பர் பிறந்துவிட்டால், சில காய்கறிக் கடைகளின் வாசலில் கலிஃபோர்னியாத் திராட்சை 36 பவுண்டு பெட்டிகளாக அடுக்கப்பட்டிருக்கும். சொந்தத் தேவைக்கு வீட்டில் ஒயின் தயாரிக்க இங்கே சட்டத் தடை இல்லை என்பதால், நானும் ஆண்டுக்கு மூன்று பெட்டி ஜின்ஃபண்டல் என்ற சிவப்பு ஒயின் திராட்சை வாங்குகிறேன். முதல் ஆண்டு, நொதித்த சக்கையைத் துணிப்பையில் கட்டிக் கையால் முறுக்கியதில் நான்கு லிட்டர் கிடைத்தது. தோள்வலி ஒரு வாரம் நீடித்தது. கடையில் விற்கும் திருகுப் பிழிபொறியோ என் ஒயின் முழுவதையும்விட விலை அதிகம். ஆகவே 2018இல் சுமார் 110 டாலர் செலவில் நானே ஒன்றைச் செய்தேன்.

கனமான மரச்சட்டம், துளையிட்ட உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, சக்கையின் மேல் ஒரு வட்டப் பலகை, அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் ஆறு டன் பாட்டில் ஜாக்கி (கார் தூக்கும், புட்டி வடிவ எண்ணெய் ஜாக்கி), இவ்வளவுதான். ஜாக்கி சட்டத்தின் மேல் குறுக்குக் கட்டையை உந்தும்போது கட்டை அசையாததால் பலகை கீழே இறங்குகிறது. பூச்சி அரிக்காதிருக்க மருந்தேற்றிய மரத்தையும், சாறு படும் இடத்தில் சாதாரண இரும்பையும் தவிர்த்தேன். ஒயினில் இரும்பு கலந்தால் கலங்கலும் உலோகச் சுவையும் வந்துவிடும். முறுக்கு உழக்கில் கட்டை தளர்வாக இருந்தால் மாவு மேலே ஏறுமல்லவா, அதே கதைதான் இங்கும். பலகைக்கும் வாளிக்கும் இடையே அரை விரல் இடைவெளி விட்டதால் முதல் பருவத்தில் சக்கை பலகைக்கு மேலே பிதுங்கியது. நைலான் வலைப்பை வாங்கிய பிறகே அது நின்றது.

என் பெரிய தவறு ஜாக்கியின் அளவு. வாளியின் விட்டம் 28 செ.மீ., பரப்பு ஏறத்தாழ 615 சதுர செ.மீ.; இரண்டு டன் ஜாக்கியே சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் அழுத்தம் தரும், வீட்டு அளவுக்கு அது தாராளம். மூன்றாம் பருவத்தில் இருட்டுவதற்குள் முடிக்கும் அவசரத்தில் ஜாக்கியின் கைப்பிடியை நிறுத்தாமல் அடித்தேன். துளைகளின் வரிசை வழியே வாளி பிளந்து, நல்ல ஒயின் கார் நிறுத்தும் கூடத்தின் தரையெல்லாம் ஓடியது. இப்போது இருப்பது மேப்பிள் சட்டங்களை எவர்சில்வர் வளையங்களால் இறுக்கிய கூடை. நான்கு அடி அடித்துவிட்டு, சாறு வடிவது ஓயும்வரை பொறுத்து, மறுபடி நான்கு அடிப்பதே என் வழக்கம். இப்படி ஒன்பது லிட்டர் வரை கிடைக்கிறது. கடைசியில் வருவதைச் சுவைத்துப் பார்த்து, துவர்ப்பு மிகுந்தால் தனிக் குடுவையில் வைக்கிறேன்.

கொல்லையில் விளையும் கான்கார்டு திராட்சைக்கு மட்டும் இந்தப் பொறி முதலில் தோற்றது. அதன் வழுவழுப்பான சதை வலையை அடைத்துக்கொள்ளும். கழுவிய உமியைக் கலந்து பிழிந்தபோது சாறு வடிய வழி கிடைத்தது. நெல் குத்திய வீட்டில் பிறந்தவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

ஐந்தாம் ஆண்டில் ஜாக்கியில் எண்ணெய் கசியத் தொடங்கியது. அடியில் வைத்திருந்த எவர்சில்வர் தட்டு ஒயினைக் காப்பாற்றியது. பழுது பார்த்த அந்த ஆறு டன் ஜாக்கி இப்போது காருக்கு டயர் மாற்ற மட்டும் பயன்படுகிறது. பிழிபொறியில் இரண்டு டன் ஜாக்கி உட்கார்ந்திருக்கிறது.