வளாக விடுதியா, அரசு விடுதியா, வெளியில் அறையா: சென்னையில் படிக்க வருபவரின் கணக்கு

சென்னைக்குப் படிக்க வரும் வெளியூர் மாணவருக்குத் தங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் விடுதி ஒன்று. அரசின் நலத்துறைகள் நடத்தும் விடுதி மற்றொன்று. திருவல்லிக்கேணியிலோ வேளச்சேரியிலோ தரமணியிலோ கிடைக்கும் தனியார் ஹாஸ்டல், அல்லது நண்பர்களோடு சேர்ந்து எடுக்கும் வீடு மூன்றாவது. இவற்றை மாதச் செலவை மட்டும் வைத்து ஒப்பிடுவதே வழக்கம். அது பாதிக் கணக்குதான். சாப்பாட்டுக் கணக்கை எழுதுவது யார், இரவில் வாசலைப் பூட்டுவது யார் என்ற இரண்டும் தெரிந்த பிறகே எது மலிவு, எது வசதி என்று சொல்ல முடியும்.

வளாக விடுதியில் அறைக்கான கட்டணம் காஷன் டெபாசிட் (காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை), பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே தவணையில் வந்து நிற்பதால்தான் பெற்றோருக்கு மலைப்பாக இருக்கிறது. மாதந்தோறும் கையைக் கடிப்பது மெஸ் பில். தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்ற முறை இருக்கிறது: மாதம் முழுவதும் மளிகை, காய்கறி, பால், எரிவாயு ஆகியவற்றுக்கு ஆன செலவைக் கூட்டி, மாணவர்கள் அனைவரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். செலவு 3,60,000 ரூபாய், கூட்டு நாட்கள் 4,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 90 ரூபாய். பொங்கல் விடுமுறைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டால் நாட்கள் குறையும். செலவு அதே அளவில் குறையாது. ஆகவே விடுதியிலேயே தங்கிவிட்டவர் கூடுதலாகக் கட்டுவார். ஊருக்குப் போனவரும், தான் இல்லாத நாட்களைக் கழிக்கச் சொல்லி முன்கூட்டியே ‘ரிடக்‌ஷன்’ எழுதிக் கொடுத்திராவிட்டால் சாப்பிடாத நாட்களுக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். அதை எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், குறைந்தது எத்தனை நாள் விடுப்பு எடுத்தால் கழிப்பார்கள் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. இத்தனை குறைகள் இருந்தும் இந்த முறையையே நான் மேலானதாகக் கருதுகிறேன், ஏனெனில் மெஸ் கமிட்டி ஒழுங்காக இயங்கும் இடத்தில் மாணவர் பிரதிநிதி கொள்முதல் ரசீதைக் கேட்டுப் பார்க்க முடிகிறது. தனியார் ஹாஸ்டலில் தொகை மாறாது, சாம்பார் மாறும். பிடிக்காதவர் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான்.

அரசு விடுதிகளில் தங்குவதற்கும் உண்பதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் எனத் துறைவாரியாக அழைக்கப்பட்டு வந்த இவை ‘சமூகநீதி விடுதிகள்’ என்ற பொதுப்பெயரில் இயங்கும் என்று 2025 ஜூலையில் முதலமைச்சர் அறிவித்தார். குடும்ப வருமான வரம்பு உண்டு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலான தூர விதியும் உண்டு, ஆனால் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் அது மாணவியருக்குப் பொருந்தாது. கல்லூரி மாணவருக்கான மாத உணவுத்தொகை 2023-இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நாளைக்கு 50 ரூபாய் என்பது நகரத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கே போதாத தொகை. அறை நெரிசலும் குளியலறையின் நிலையும் விடுதிக்கு விடுதி வேறுபடுவதால், விண்ணப்பிக்கும் முன் அங்கே தங்கியிருக்கும் மாணவர் ஒருவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. ஆனாலும் வீட்டிலிருந்து பணம் வர வழியே இல்லாதவருக்கு இதை மற்ற இரண்டோடு ஒப்பிடுவதே பொருந்தாது, சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற இடங்கள் இல்லாவிட்டால் பலருக்குச் சென்னையில் படிப்பே இல்லை.

வெளியில் வீடு எடுப்பவர் பார்க்க வேண்டியது வாடகையைவிட அட்வான்ஸை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய என்ற முன்குறிப்போடு. அந்தக் குறிப்பு வீட்டு உரிமையாளருக்குப் போதுமானதாக இருக்கிறது. மின்கட்டணத்தை சப் மீட்டர் (உரிமையாளர் தனியாகப் பொருத்தும் அளவி) வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்பதைக் கணக்கில் சேர்க்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தனியார் ஹாஸ்டல் ரசீதில் ஜிஎஸ்டி இருந்தால் அதையும் விசாரிக்கலாம்: மாதக் கட்டணம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாட்களாவது தங்குபவருக்கு விலக்கு அளிக்க ஜிஎஸ்டி மன்றம் 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

இனி வாசல். மாணவர் விடுதியில் இரவு 10 மணிக்கு வருபவரிடம் காவலாளி பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வதோடு சரி. மாணவியர் விடுதியில் மாலையிலேயே வருகைப் பதிவு, வெளியே செல்ல அவுட் பாஸ், ஊருக்குப் போக வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு. நூலகமும் ஆய்வகமும் இரவில் திறந்திருந்து என்ன பயன்? கட்டணம் இருவருக்கும் ஒன்றாக இருக்கும்போது கிடைக்கும் நேரம் ஒன்றாக இல்லை. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவியர் இரவு 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றதன் பின்னணி இதுதான். ஆய்வு மாணவியர் கூடுதல் பணம் கொடுத்து வெளியே அறை தேடுவதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் மகளிருக்கான தனியார் விடுதி, மகளிர், சிறார் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றை வரவேற்பறைச் சுவரில் காணவில்லையென்றால் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கலாம். சில ஹாஸ்டல்களின் பூட்டு, கல்லூரி விடுதியின் பூட்டைவிட முன்னதாகவே விழுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வளாகத்துக்குள் கிடைப்பதில் எந்தக் கட்டண அட்டவணையிலும் வராத ஒன்று சீனியர்கள். தாம்பரத்துக்கு 1937-இல் இடம்பெயர்ந்த சென்னை கிறித்தவக் கல்லூரியில் சேலையூர், தாமஸ், ஹீபர் என ஹால்கள் (விடுதிகளுக்கு அங்கே அதுதான் பெயர்) தனித்தனி அடையாளத்தோடு இருப்பதும், அங்கே படித்தவர் பல ஆண்டுகளுக்குப் பிறகும் துறையின் பெயருக்கு முன் ஹாலின் பெயரைச் சொல்வதும் இதனால்தான். எந்தப் பாடத்துக்கு எந்தப் பழைய வினாத்தாள், உதவித்தொகைக்கு எந்த அலுவலகம், எந்தப் பேராசிரியரிடம் புராஜெக்ட் என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வராந்தாவில் கிடைக்கும் தகவல்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு வேறு எங்கும் கிடைக்காதவை. அதே சீனியர் உறவு கொடுமையாகவும் மாறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் விடுதியில் கொல்லப்பட்ட பிறகே ராகிங்கைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் வந்தது. நாடு முழுமைக்குமான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் 2009-இல் வந்தன. முதலாமாண்டு மாணவருக்குத் தனிக்கட்டடம் ஒதுக்கும் கல்லூரியா, வார்டன் வளாகத்திலேயே குடியிருக்கிறாரா என்பதைச் சேர்க்கும் நாளில் கேட்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நல்ல விடை கிடைக்குமானால், இளநிலைக்கு வருபவருக்கு முதல் ஆண்டு வளாக விடுதியையே பரிந்துரைப்பேன், மெஸ் பில் வெளியே ஆகும் செலவைவிடச் சற்றுக் கூடினாலும். இரண்டாம் ஆண்டில் வெளியேற நினைப்பவர் செமஸ்டர் நடுவில் கிளம்பினால் காஷன் டெபாசிட்டைத் தவிர வேறு ஏதாவது திரும்புமா என்பதை விடுதி விதியில் படித்துவிட்டு, ஆண்டு முடிவில், பாக்கி எதுவும் இல்லை என்ற ‘நோ டியூஸ்’ கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவதே நல்லது.