கியர்பாக்ஸுக்கு நூறு மார்க், அதை மூடியிருக்கும் தட்டுக்கு முட்டை

என் ஸ்போர்ட்ஸ் காரின் கியர்பாக்ஸ் ஆயில் லீக் ஒருவழியாக நின்றுவிட்டது. இதே மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று நண்பன் ஒருவன் நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். கார் ஒழுகிக்கொண்டிருந்த நாட்களில் பதில் சொல்லியிருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது. அதனால் இப்போது எழுதுகிறேன். எத்தனை குதிரைத்திறன், எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்பதெல்லாம் இதை வாங்க நினைக்கிற எவருக்கும் மனப்பாடமாகவே இருக்கும். முன்னால் இன்ஜின், பின்சக்கர டிரைவ், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) வைத்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இந்தக் கதைக்கு இது போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். இந்தக் கியர்பாக்ஸ் அற்புதம். பிரேக்கை அழுத்தியபடியே ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கிற இடது பேடிலை இரண்டு தட்டு தட்டினால், கியர் இறங்குவதற்கு முன்பே இன்ஜின் தானாக ஒருமுறை உறுமி வேகத்தைச் சரிசெய்துகொள்கிறது. பின்சக்கரம் துளிகூட உதறாது. அதே பெட்டி நெரிசலில் ஊர்ந்து போகும்போது கியர் மாறுவதே தெரியாமல் மாற்றும். டார்க் கன்வெர்ட்டருக்குப் பதில் இரண்டு கிளட்ச் வைத்த டூயல் கிளட்ச் கார்கள் ஓட்டியிருக்கிறேன், ஊர்ந்து போகும் வேகத்தில் அவை இந்த நிதானத்துக்குக் கிட்டே வரவில்லை.

லீக் கண்ணில் படுவதற்கு முன்பே கார் சொல்லத்தான் செய்தது. நீளமான இடது வளைவில் ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு போகும்போது, இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் மட்டும் ஒரு கணம் மேலே துள்ளும். கார் வேகம் ஏறாது. நேர் ரோட்டில் எவ்வளவு மிதித்தாலும் இது நடக்காது. உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் நேர் ரோட்டில் முழு மிதியிலும் வழுக்க வேண்டும். வளைவில் மட்டும் வழுக்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஆயில் அளவின் மீதுதான். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான பேனில் ஆயில் குறைந்திருக்கும்போது வளைவின் விசை அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடும். ஃபில்டரின் வாய் ஆயிலுக்கு வெளியே நிற்கும், பம்ப் காற்றை இழுக்கும், பிரஷர் விழும், பிடித்திருந்த பிளேட் நழுவும். குடும்பக் காரில் யாரும் இப்படி வளைத்து ஓட்டுவதில்லை, அதனால் அங்கே இந்த அறிகுறி ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும்.

சரி, அளவைப் பார்த்துவிடலாம் என்றால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது. கார் மட்டமாக நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்க வேண்டும், பக்கவாட்டில் இருக்கிற ஃபில்லர் பிளக்கைத் திறக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் அந்தத் தட்டைக் கழற்ற வேண்டும்.

அந்தத் தட்டைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். முன் பம்பரிலிருந்து கியர்பாக்ஸின் வால் வரைக்கும் அடிப்பாகம் முழுக்கப் பிளாஸ்டிக் தட்டுகளால் மூடியிருக்கிறது. காற்று தடங்கலில்லாமல் ஓட, சத்தம் குறைய, சூடான காற்று போக வேண்டிய வழியில் போக: காரணங்கள் எல்லாம் நியாயமானவை, மறுக்கவில்லை. அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் ஸ்க்ரூக்கள்தான் நியாயமில்லாதவை. சில டார்க்ஸ் தலை, சில அறுகோணத் தலை, அதிலும் இரண்டு சைஸ், நடுநடுவே கால் திருப்பில் திறக்கிற கிளிப், ஓரத்தில் ஒருமுறை கழற்றினால் உடைகிற பிளாஸ்டிக் ரிவெட். ஒரு ஸ்க்ரூ தன் கிளிப்போடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. இன்ஜின் ஆயில் வடிக்க மட்டும் கைநுழையும் அளவுக்கு ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். கியர்பாக்ஸுக்கு அதுகூட இல்லை. அதன் ஆயிலை யாரும் தொடப்போவதில்லை என்று டிசைன் செய்தவர்களே முடிவுகட்டிவிட்டார்கள்.

போதாக்குறைக்குத் தட்டின் உட்பக்கம் முழுக்கச் சத்தத்தை அடக்கும் கம்பளி போன்ற பஞ்சு. லீக்கான ஆயிலை அது குடித்துக்கொண்டே இருக்கும். கார் மட்டமாக நின்றால் தரையில் ஒரு சொட்டு இருக்காது. மூக்கு மேலே தூக்கியபடி நின்றால், தட்டின் பின் ஓரத்துத் துளை வழியாக, லீக்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் சொட்டும். சாதாரணக் காரில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் ஓரளவு துப்பு கிடைக்கும். இங்கே சொட்டு பொய் சொல்லும்.

அந்தப் பொய்யை நம்பியவர் முதலில் காரைப் பார்த்த மெக்கானிக். டார்ச் அடித்தார், விரலில் தொட்டார், "ரியர் மெயின் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸ இறக்கணும்" என்றார். அது இன்ஜினின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிற ஆயில் சீல். தட்டைக் கழற்றவே இல்லை. இரண்டாவது இடத்தில் பேன் கேஸ்கெட் (பேனுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற அடைப்பு) என்றார்கள், அங்கேயும் தட்டு அப்படியே இருந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கும் ஒரு அளவு இருக்கிறது. அந்தத் தட்டைக் கழற்றி மாட்டும் நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள், சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் எல்லோரும் கேட்போம். ஆனாலும் பார்க்காமலே கியர்பாக்ஸை இறக்கச் சொல்வது ரொம்பத் துணிச்சல்.

கடைசியில் நானே இறங்கினேன். நாலு ஸ்டாண்டு போட்டு மட்டமாக நிறுத்தித்தான். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காருக்கு அடியிலும் தலையை நுழைக்கக் கூடாது.

முதல் கேள்வி, இது யாருடைய ஆயில்? ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதில் பெரும்பாலும் சிவப்பு. எல்லாமே அப்படியல்ல, மஞ்சளும் பச்சையும்கூட உண்டு, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழசானால் பழுப்பாகிவிடும், அப்போது இன்ஜின் ஆயிலோடு குழப்பும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். நடுவில் பழுப்பு, பரவிய ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு. பவர் ஸ்டியரிங்கிலும் சிவப்பு ஆயில் இருக்கலாம்தான், ஆனால் என் காரில் ஸ்டியரிங் எலக்ட்ரிக். பின் அச்சில் இருக்கிற டிஃபரென்ஷியலின் ஆயிலாக இருந்தால் கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும். இன்னும் சந்தேகம் போகாததால் இன்ஜின் ஆயிலில் யூவி டை (புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம்) கலந்து கொஞ்சம் ஓட்டினேன். மூடிய கியர்பாக்ஸில் டை ஊற்றுவதைவிட இன்ஜினில் ஊற்றுவது எவ்வளவோ சுலபம். லீக் நீல விளக்கில் ஒளிர்ந்தால் குற்றவாளி இன்ஜின், ஒளிராவிட்டால் கியர்பாக்ஸ். ஒளிரவில்லை. ரியர் மெயின் சீல் கதை அத்தோடு முடிந்தது.

அடுத்தது, எங்கிருந்து? ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போகும் என்பதால் நனைந்த இடம் முழுக்கச் சந்தேகத்துக்கு உரியதுதான். கீழேயிருந்து பார்க்காமல், நனைந்ததிலேயே உயரமான இடத்தையும், அதிலும் முன்னால் இருப்பதையும் தேட வேண்டும். டிகிரீஸர் அடித்துச் சுத்தமாகக் கழுவி, உலர்த்தி, காலுக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயைக் கியர்பாக்ஸின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூசிவிட்டேன். தட்டு இல்லாமலே ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், வெள்ளையில் ஒரே ஒரு ஈரக்கோடு. பேன் விளிம்புக்கு மேலே, வயர் கற்றை கியர்பாக்ஸுக்குள் நுழைகிற கனெக்டரின் கழுத்தில் தொடங்கி, பேன் விளிம்பில் இறங்கி, விளிம்போடு பின் மூலைவரை போய் அங்கே சொட்டத் தயாராக நின்றது. பேன் கேஸ்கெட்டை மாற்றியிருந்தால் புதுக் கேஸ்கெட்டின் மீதும் இதே கோடு வந்திருக்கும்.

அந்தக் கழுத்தில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் குழல், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைச் சுற்றி இரண்டு ஓ-ரிங். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் ஓடுகிறது, அடியில் தட்டு. சூட்டில் வெந்து வெந்து ரப்பர் தன் நெகிழ்வை இழந்துவிடும். கழற்றிய ஓ-ரிங்கை விரலில் அழுத்திப் பார்த்தேன். உருண்டையாக இருக்க வேண்டியது, உட்கார்ந்திருந்த பள்ளத்தின் வடிவத்துக்கே சதுரமாகத் தட்டையாகிவிட்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் திரும்ப எழவில்லை. சில பழைய ஆட்டோமேட்டிக்குகளில் இந்த இடத்தில் லீக்கானால் ஆயில் வயருக்குள்ளேயே ஏறி கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடுவதுண்டு. அந்த அளவுக்கு வராமல் தப்பித்தேன்.

இந்தக் குழலை வெளியிலிருந்து உருவ முடியாது. அதன் பூட்டு உள்ளே, ஆயில் பிரஷரைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடி பக்கம் இருக்கிறது, பேனை இறக்கித்தான் விடுவிக்க வேண்டும். ஆக, இரண்டு ரப்பர் வளையத்துக்காக மொத்த ஆயிலையும் வடிக்கிற வேலை. வடிப்பதற்கு முன்னால் ஒரு விதி: முதலில் ஃபில்லர் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். ஆயிலை எல்லாம் இறக்கியபின் ஃபில்லர் பிளக் துருவேறித் திறக்கவில்லை என்றால், நகர முடியாத காரோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வெளியே வந்தது முழு ஆயிலும் அல்ல, டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் ஒரு பெரிய பங்கு தங்கிவிடும். வந்தது கறுத்த காபி நிறம். பேனுக்குள் இருக்கிற காந்தங்களைத் துடைத்தபோது விரலில் சாம்பல் பூசிய கண்மை போல மென்மையான குழம்பு ஒட்டியது. அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் நெருடுகிற செதில்கள் இருந்திருந்தால்தான் கவலை. பேன் பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு ஒட்டியே வருகிறது, எனவே பேனோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, டார்க் ரென்ச் வைத்து, மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். என்னுடையதில் அது 10 நியூட்டன் மீட்டர்தான். கையோடு இறுக்கிவிடுகிற பழக்கம் உள்ளவர்கள் கையில் இந்த பேன் விரிசல் விடும்.

ஆயில் நிரப்புவதுதான் பொறுமையைச் சோதிக்கிற இடம். மேனுவலில் உள்ள ஸ்பெசிஃபிகேஷன் ஆயிலையே வாங்குங்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதை இதில் ஊற்றி, கன்வெர்ட்டர் லாக் ஆகும்போது கார் நடுங்கத் தொடங்கினால் அப்புறம் அழுது பயனில்லை. பிளக்கிலிருந்து வழியும்வரை நிரப்பி, இன்ஜினை ஓட விட்டு, ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி, மறுபடி நிரப்ப வேண்டும். பின்சக்கரம் காற்றில் சுழல, முன்சக்கரம் நிற்க, டேஷ்போர்டில் டிராக்‌ஷன் விளக்கு ஏபிஎஸ் விளக்கு எல்லாம் எரிந்து ஆர்ப்பாட்டம் செய்யும். கண்டுகொள்ள வேண்டாம், கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஸ்கேனரில் ஆயிலின் சூடு 30 டிகிரிக்கு மேல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பிளக்கில் மெல்லிய கோடாக வழிந்தால் அளவு சரி. அதைவிடச் சூடாகிவிட்டால் ஆயில் விரிந்து, தேவையானதும் சேர்த்து வழிந்துவிடும். நீங்கள் சரியென்று பிளக்கை மூடுவீர்கள், பெட்டி குறைவாகவே இருக்கும், வளைவில் முள் மறுபடி துள்ளும்.

சர்வீஸ் புத்தகத்தில் இந்த ஆயிலுக்கு மாற்றும் காலமே போடவில்லை. ஆயுளுக்கும் போதுமாம். யாருடைய ஆயுளுக்கு என்று தெரியவில்லை. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் தயாரிப்பில் பெரிய கையான இசட்எஃப் (என்னுடைய பெட்டி அவர்களுடையது அல்ல) தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. விரட்டி ஓட்டினால் அதற்கும் முன்னாலேயே. எனக்கு அந்த பேச்சுதான் நேர்மையாகப் படுகிறது.

வேலை முடிந்து, அடாப்டேஷனை (கியர் மாற்றுவதில் பெட்டி தானாகக் கற்றுவைத்திருந்த திருத்தங்களை) ரீசெட் செய்துவிட்டு ஓட்டினேன். காலையில் குளிர்ந்த இன்ஜினில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் எப்போதும் உண்டு, இந்தக் காரின் குணமே அதுதான் என்று விட்டிருந்தேன். அது காணாமல் போய்விட்டது. லீக்குக்காக இறங்கிய வேலையில் கிடைத்த இந்த வரவுக்காக, அந்தப் பெட்டியை வடிவமைத்தவர்களைக் கட்டிப்பிடிக்கலாம். தட்டை வடிவமைத்தவர்களை அல்ல. பஞ்சு இன்னும் ஆயில் வாடைதான் அடிக்கிறது, வேகத்தில் போகும்போது ஏசி வழியாக உள்ளே வருகிறது. புதுத் தட்டு பஞ்சோடுதான் கிடைக்குமாம், தனியாகப் பஞ்சு இல்லையாம்.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. நான் விற்கமாட்டேன், கியர்பாக்ஸ் இதுவரை இருந்ததிலேயே இப்போதுதான் நன்றாக இருக்கிறது, இந்த விலைக்கு இதைவிட சந்தோஷம் தரும் காரும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் வாங்காதே.

சொன்னால் கேட்கமாட்டான். அதனால் இதையாவது செய்யட்டும்: விற்பவரிடம் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி, கனெக்டர் கழுத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். டெஸ்ட் டிரைவில் நல்ல நீள வளைவு ஒன்றைத் தேடி, இரண்டு பக்கமும் வளைத்து முள்ளைக் கவனிக்கட்டும். பஞ்சு சுத்தமாக, புதிதாக இருந்தால் ஏன் புதிது என்று கேட்கட்டும்.