ஆலோசகரா, வழக்கறிஞரா?

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு நாலறை வீடு: கணவர் கூடத்துச் சோபாவில் கைப்பேசி வெளிச்சத்தில் உறங்கிப்போகிறார், மனைவி அறையில் பிள்ளையோடு படுத்துக்கொள்கிறார், “சாப்பாடு மேசையில் இருக்கிறது” என்ற வாட்ஸ்அப் செய்தியோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது.

தாம்பத்திய நெருக்கம் நின்றுபோன இத்தகைய தம்பதியர் குடும்ப சேவை நிலையத்தில் ஆலோசகரை நாடலாம். அதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஏனெனில் நீரிழிவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், பிரசவத்துக்குப் பிந்தைய வலி, மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவை ஆசையைக் குறைக்கக்கூடும், அதை அன்பின்மை என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் கசந்துபோனவர்கள் உண்டு. சோதிடரிடம் சொல்லத் துணியும் நாம் மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறோம். தொடுதல் மட்டும் நின்று, மரியாதை மிஞ்சியிருக்கும் வீட்டுக்கு இந்த வழியையே நான் சொல்வேன்.

ஒருவர் பேசவே மறுத்தால் மணவிலக்கு வருகிறது. முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கை முறைப்படுத்தும் மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ், பொதுவாக மணமாகி 3 ஆண்டுகள் கழிந்தபின்பே விண்ணப்பிக்க முடியும். 2024 ஜூலை 1 முதல், ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் இருவரும் ஒப்பிப் பிரியவும் இடமுண்டு. ஆயினும் மீண்டும் இணைய எடுத்த முயற்சிகளை நீதிமன்றத்திடம் தெரிவிக்க வேண்டியிருப்பதால், ஆலோசனைக்குச் சென்ற மாதங்கள் அங்கும் கணக்கில் வரும். பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு தொடங்கும்.