மண் வித்தை: அவதாரா, ஜெமிசினா?

கற்பனை உலகங்களில் நெருப்பு வித்தைக்குத்தான் கைதட்டல் அதிகம். மண் வித்தைக்காரர் பெரும்பாலும் சுவர் எழுப்பும் ஆள், அவ்வளவுதான். அந்த வழக்கத்தை மாற்றியவை என்று எனக்குத் தோன்றுபவை இரண்டு: 2005இல் தொடங்கிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடர், என். கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' நாவல்கள்.

அவதாரில் மண் உடம்போடு சேர்ந்தது. அசைவுகள் ஹுங் கா என்னும் தென்சீனக் குங்ஃபூவிலிருந்து வந்தவை. காலை அகட்டி ஊன்றி நிற்பதுதான் அடிப்படை. பார்வையற்ற சிறுமி டாஃப், பாதத்தில் படும் அதிர்வால் சுற்றுப்புறத்தைப் 'பார்க்கிறாள்'. பாலைவன மணலில் அது மங்கிவிடும். உலோகத்துக்குள் இருக்கும் மண்துகளை உணர்ந்து, அடைத்து வைத்த இரும்புப் பெட்டியை அவள் கிழிக்கும் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஜெமிசினிடம் கணக்கே வேறு. நிலநடுக்கத்தை அடக்கவோ கிளப்பவோ சக்தி எங்கிருந்தாவது வர வேண்டும். சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சினால், அந்த வட்டத்துக்குள் இருக்கும் உயிர்கள் உறைந்து சாகும். அதனால்தான் ஊர் இந்த மண் வித்தைக்காரர்களைக் கண்டு அஞ்சுகிறது, குழந்தை என்றும் பாராமல் கொல்கிறது. மூன்று நாவல்களும் 2016 முதல் 2018 வரை வரிசையாக, அறிவியல் புனைகதைக்கும் கற்பனைக் கதைக்கும் தரப்படும் ஹியூகோ விருது வாங்கின.

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க அவதார். ஆனால் அங்கே பாறையைத் தூக்குவதற்கு விலையே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு ஜெமிசினுக்கு.