கோர்ஸா, சொந்த பிராஜெக்டா? தண்ணி கேன் கணக்கு சொல்லிக்கொடுத்தது

புரோகிராமிங் கற்க இன்ஸ்டிட்யூட்டில் சேர்வதா, நாமே ஏதாவது ஆப் எழுதிப் பழகுவதா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் இரண்டையும் செய்தவன். 2023இல், இரண்டாம் வருடம் படிக்கும்போது, தி.நகரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (திரையில் தெரிவதையும் பின்னணி சர்வரையும் சேர்த்தே எழுதக் கற்பது) சேர்ந்தேன். நான்கு மாதம், 32,000 ரூபாய். அதே வருடம் வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் தண்ணி கேன் போடும் அண்ணாச்சிக்குக் கணக்கு ஆப் ஒன்று எழுத ஆரம்பித்தேன். கோர்ஸ் என்றோ முடிந்துவிட்டது. ஆப் இன்றைக்கும் அண்ணாச்சியின் போனில் ஓடுகிறது. நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

செலவு, நேரம், சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோர்ஸுக்குப் பணம் வேண்டும், சொந்த பிராஜெக்டுக்குப் பொறுமை வேண்டும். பாடம் மட்டும் போதும் என்றால் ஐஐடி பேராசிரியர்கள் பாடம் எடுக்கும் என்பிடெல் வீடியோக்கள் இலவசம், தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரியிலேயே வகுப்புகள் வருகின்றன. ஃபைனல் இயரில் ரெடிமேட் பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி வைவாவைக் கடப்பதை நான் மூன்றாவது வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதில் கற்பதற்கு ஒன்றும் இல்லை.

கோர்ஸ் எனக்கு ஒழுங்கைக் கொடுத்தது. எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்ற குழப்பம் தீர்ந்தது. மெக்கானிக்கல் படித்த என் நண்பன் ஒருவன் அந்த வகுப்பு இல்லாவிட்டால் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான். ஆனால் அங்கே நாங்கள் நாற்பது பேரும் ஒரே ஷாப்பிங் தளத்தைத்தான் கட்டினோம். கடைசி நாள் திரையில் ஓடியது, கைதட்டினார்கள், மறுநாள் முதல் யாரும் அதைத் திறக்கவில்லை. யாரும் திறக்காத மென்பொருளில் பிழை வருவதில்லை. பிழை வராவிட்டால் பழுது பார்க்கும் வேலையும் இல்லை. இரண்டு வழிகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இந்தப் பராமரிப்புதான்.

ஆப் ஓட ஆரம்பித்த மூன்றாவது மாதம் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, கோமதி அக்கா கணக்கு ரெண்டா நிக்குது பாரு. ஒண்ணுல பாக்கி இருக்கு, ஒண்ணுல இல்ல." தேடலில் "கோமதி" என்று போட்டால் ஒருவர்தான் வருகிறார், முழுப் பட்டியலில் இரண்டு பேர். எழுத்து அச்சு அசலாக ஒன்றுதான். அன்றிரவு இரண்டு பெயரின் நீளத்தையும், அதாவது கணினி எண்ணும் குறிகள் எத்தனை என்று, அச்சிட்டுப் பார்த்தேன். ஒன்று 5, இன்னொன்று 6. அப்போதுதான் விளங்கியது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் "கோ" என்பதைக் ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். முன்னால் இரட்டைச் சுழிக்கொம்பு, பின்னால் துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றேதான், கணினிக்கு வேறு வேறு. நான் முதலில் ஏற்றிய பழைய பட்டியலில் ஒருவகை, அண்ணாச்சியின் போன் கீபோர்டில் இன்னொரு வகை. பெயர் கிடைக்காததால் அவர் புதிதாகச் சேர்த்துவிட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை ஒரே வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரிதான் தீர்வு. ஆனால் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்துபோன கணக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. கோர்ஸில் பயிற்சிப் பெயர்கள் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்ததால், இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிய வந்ததில்லை.

இன்னொரு மாதம், ஒன்றாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்ட கேன்கள் போன மாதக் கணக்கில் விழுந்திருந்தன. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை ஐந்தரைக்கு முன் பதிவாவதெல்லாம் சர்வருக்கு முந்தைய நாள்தான். பகலிலேயே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரி மூழ்கியபோது கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. குடிதண்ணீருக்குத் தெருவே தவித்த நாட்களில் அண்ணாச்சி மறுபடி நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். நெட் இல்லாவிட்டால் என் ஆப் வெள்ளைத் திரைதான் காட்டும். பதிவை முதலில் போனிலேயே வைத்து, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்பும்படி மாற்ற அடுத்த செமஸ்டர் விடுமுறை முழுவதும் ஆனது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து என் பழைய புரோகிராமை நானே வாசித்தேன், புரியவில்லை. செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் குறிப்போடு சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியில் நான் போட்டு வைத்திருந்த குறிப்புகள் "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "ஃபைனல்". கிட் கட்டளைகளைக் கோர்ஸில் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதி வைப்பது எதற்கு என்பதை ஆறு மாதத்துக்கு முந்தைய என் புரோகிராம்தான் சொல்லிக்கொடுத்தது.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் ஷாப்பிங் தளத்தைப் பற்றி இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்கள். தண்ணி கேனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். அண்ணாச்சி கேன் விலையை 35இலிருந்து 40 ஆக்கியதும் பழைய பில்கள் எல்லாம் 40 கணக்கில் மாறிப்போனதைச் சொன்னேன். விலையை ஒரே இடத்தில் வைத்திருந்தேன். விற்ற அன்றைய விலையை விற்பனையோடு சேர்த்தே பதிந்திருக்க வேண்டும். "பழைய பதிவுகளை எப்படிச் சரிசெய்தாய்?" என்று கேட்டார்கள். அண்ணாச்சியின் நோட்டைப் பார்த்துத்தான் என்றேன்.

சொந்த பிராஜெக்டின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். என் வகுப்பில் ஆரம்பித்தவர்கள் பலர். முக்கால்வாசியில் கைவிட்டவர்கள்தான் அதிகம். எனக்கே அண்ணாச்சிக்கு முன்னால் இரண்டு பிராஜெக்ட் பாதியில் நின்றிருக்கிறது. தனக்காக மட்டும் எழுதினால் நிறுத்துவது சுலபம், கேட்க ஆளில்லை. அதனால் எதை எழுதலாம் என்று யோசிப்பதற்கு முன் யாருக்கு எழுதலாம் என்று பாருங்கள். தையல் கடை அக்கா, மெஸ் நடத்துபவர், டியூஷன் எடுக்கும் சித்தி, யாராக இருந்தாலும் சரி. தினமும் திறந்து பார்க்கும் ஒருவர் வேண்டும்.

இன்று ஏஐயிடம் கேட்டால் இப்படியொரு ஆப்பை ஒரு மாலையிலேயே எழுதித் தந்துவிடும் என்பது உண்மை. கடைசி வருடம் நானும் பயன்படுத்தினேன். ஆனால் கோமதி அக்கா ஏன் இரண்டு பேராக நிற்கிறார் என்று சந்தேகப்பட்டு, நீளத்தை எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

என் அனுபவம் வெப் ஆப் அளவில்தான், அதுவும் சுமார் 140 வாடிக்கையாளர் உள்ள ஒரு கடைக்கு. எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்), மெஷின் லேர்னிங் பக்கம் போகிறவர்களுக்கு இதே கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அடிப்படையே தெரியாமல், மூன்று மாதத்தில் இன்டர்வியூவை வைத்துக்கொண்டிருப்பவர் கோர்ஸில் சேர்வதே நல்லது. இரண்டாம் வருடத்தில் இருப்பவர் முதலில் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பேசிப் பாருங்கள்.

போன வாரம் அண்ணாச்சி காலி கேன் டெபாசிட்டையும் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வராத கேன்களை யார் பெயரில் எழுதுவது என்று இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை.