பழைய அறுவடை இயந்திரத்தில் மின்கோளாறு: பாகம் மாற்றுவதா, டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா?

பழைய கம்பைன் ஹார்வெஸ்டரில் மின்கோளாறு வந்தால் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பெரும்பாலானோர் கையாளுகிறார்கள்: சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுவது, டெஸ்ட் லேம்ப் (இரண்டு வயர்கள் மாட்டிய சாதாரண பல்பு) வைத்துப் பார்ப்பது, மல்டிமீட்டரால் அளப்பது.

பாகம் மாற்றும் வழியே இவற்றுள் மிகுந்த செலவும் குறைந்த பயனும் உடையது. இத்தகைய இயந்திரங்களில் அதிர்வாலும் தூசியாலும் ஈரத்தாலும் எலிக்கடியாலும் முதலில் கெடுவது வயரும் கனெக்டரும் எர்த்தும்தான் (பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) என்பதால், புதிய பாகத்தை மாட்டிய பிறகும் கோளாறு அப்படியே நிற்கும். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே மட்டும் இதற்கு விதிவிலக்கு. பக்கத்தில் அதே வகை ரிலே இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம்.

டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா என்பதே உண்மையான போட்டி. கட்டர் பகுதியை இயக்கும் மின்காந்த கிளட்ச் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். ஆனால் கிளட்சை இணைத்தால் அசைவே இருக்காது. டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகாஓம். அது இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. ஆகவே உள்ளே பச்சை பூத்து ஒற்றை இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் மீட்டருக்கு நல்ல வயராகவே தெரியும். டெஸ்ட் லேம்பில் உள்ள 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால், அதே இடத்தில் அது மங்கி எரிந்து உண்மையைக் காட்டிவிடும். இதற்கு எல்இடி லேம்ப் உதவாது. பல்பு, கிளட்ச், மோட்டார் போன்றவற்றில் முதல் சோதனைக்கு நான் எப்போதும் டெஸ்ட் லேம்பையே பரிந்துரைப்பேன்.

ஆயினும் சென்சார், கண்ட்ரோலர் வயர்களில் அந்த பல்பை வைக்கவே கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்தால் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் பாகங்கள் பழுதாகலாம். அங்கே மல்டிமீட்டர்தான் பாதுகாப்பானது. 12 வோல்ட் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஆகிறதா என்பதையும் மீட்டரே சொல்லும்: எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். மீட்டரின் பெரும்பலம் வோல்டேஜ் இழப்பை, அதாவது மின்னோட்டம் பாயும்போது வழியில் குறையும் வோல்டேஜை, அளப்பதில் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்து, 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ பழுது என்று கொள்ளலாம். பல நேரங்களில் டெர்மினலுக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் இருக்கும்.

எந்தக் கருவியைக் கையாண்டாலும், எளிதாக இருக்கிறது என்பதற்காக செல்ஃப் மோட்டாரின் டெர்மினல்களை நேரடியாக இணைத்து எஞ்சினை எழுப்பக் கூடாது. கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே எஞ்சினை எழுப்பவிடும் நியூட்ரல் சுவிட்ச் தரும் பாதுகாப்பு அப்போது இல்லாமல் போய், கியரில் இருக்கும் இயந்திரம் ஆளின் மேலேறிவிடக்கூடும். அடிக்கடி போகும் ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸ் போடுவதும் ஆபத்தானது. சூடேறும் வயருக்குப் பக்கத்திலேயே உலர்ந்த வைக்கோலும் தூசியும் குவிந்திருக்கும்.

வந்து வந்து மறையும் கோளாறுக்கு மறுபடியும் டெஸ்ட் லேம்பே சிறந்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, கோளாறுள்ள சர்க்யூட்டின் கடைசி முனையில் பல்பை மாட்டிவிட்டு, வயர்க் கட்டினை முனை முதல் முனை வரை மெல்ல அசைத்துக்கொண்டே வந்தால், பல்பு சிமிட்டும் இடத்துக்கு அருகில்தான் அறுந்த இழையோ தளர்ந்த பின்னோ இருக்கும்.