பீட்டா ரீடராக எங்கே தொடங்கலாம்? செயலியா, ஃபைவரா, தெரிந்தவர் ஃபைலா?

அச்சுக்கோ கிண்டிலுக்கோ போகும் முன் ஒரு நாவலைப் படித்து, எங்கே ஒன்றினோம், எங்கே கொட்டாவி வந்தது என்று எழுத்தாளரிடம் சொல்பவர்தான் பீட்டா ரீடர். ஒற்றுப்பிழை தேடுவது இவர் வேலை இல்லை. அதற்கு மெய்ப்புப் பார்ப்பவர் இருக்கிறார்.

சுலபமாகக் கைக்கு எட்டுவது பிரதிலிபி, வாட்பேட் மாதிரி யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் போடும் செயலிகள். யாரையும் கேட்க வேண்டாம், இன்று இரவே தொடங்கலாம். வாட்பேடில் பத்திக்குப் பத்தி கருத்து எழுதலாம் என்பதால் கை பழகும். ஆனால் அங்கே கதை ஏற்கெனவே வெளியாகிவிட்டது. அடுத்த அத்தியாயம் எங்கே என்று நச்சரிக்கும் வாசகர்களைச் சமாளிக்கவே எழுத்தாளருக்கு நேரம் போதாது. மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்து என்றால் காதில் விழாது. நாலு பேர் பார்க்க ஒருவர் எழுத்தைக் குறை சொல்ல நமக்கும் வாய் வராது. கடைசியில் 'அருமை சகோ'தான் மிஞ்சும்.

சில்லறை வேலைகளை ஆன்லைனில் எடுத்துச் செய்யும் தளமான ஃபைவரில் காசு உண்டு, பெரும்பாலும் ஆங்கில நாவல்களுக்கு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80,000 சொல் நாவலை நிமிடத்துக்கு 250 சொல் வேகத்தில் படித்தாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறிப்பு எழுத அதே அளவு நேரம் வையுங்கள். 25 டாலருக்கு ஒப்புக்கொண்டால் தளம் 20 சதவீதம் பிடித்ததுபோக 20 டாலர். ஒரு ரிவ்யூகூட இல்லாத புதியவர் அதற்குமேல் கேட்பதும் கஷ்டம். ஸ்கிரிபோஃபைல், கிரிட்டிக் சர்க்கிள் போன்ற தளங்களில் பிறர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொன்னால் புள்ளி கிடைக்கும். அதைச் செலவழித்து நம் எழுத்தைப் போடலாம். நீங்களும் எழுதுகிறவர் என்றால் சரி, வெறும் வாசகருக்கு அந்தப் புள்ளியால் என்ன லாபம்?

என் ஓட்டு, தெரிந்த எழுத்தாளர் இன்னும் வெளியிடாத நாவலின் ஃபைலுக்கு. பணம் வராது, ஆனால் நாம் சொன்னது என்ன ஆனது என்று கண்ணால் பார்க்கலாம். நான் முதலில் படித்த நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன பாட்டி, பதினொன்றாம் அத்தியாயத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னதும் எழுத்தாளர் சிரித்துவிட்டார், உடனே திருத்தினார். ஆனால் 'நாயகி பாவமாக இருக்கிறாள், கொஞ்சம் தைரியம் கொடுங்கள்' என்று நான் எழுதியதைத் தொடவே இல்லை. இரண்டாம் வரைவு வந்தபோதுதான் புரிந்தது: அது கதையின் குறை இல்லை, என் ஆசை. அதற்கப்புறம் யோசனை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். 'இந்தப் பக்கத்தில் ஃபோனை எடுத்தேன்', 'இவர் அண்ணனா மச்சானா, குழம்பினேன்' என்று படிக்கும்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொல்லை இதிலும் உண்டு. நட்பு என்பதால் கெடு தேதி இருக்காது, இழுத்துக்கொண்டே போகும். நீங்களே ஒரு தேதி சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தால் வாங்காதீர்கள், கூகுள் டாக்ஸில் கருத்திடும் அனுமதியோடு கேளுங்கள். மூத்த எழுத்தாளர் என்றால் ஃபைல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வரலாம், அது இல்லாத கணினியில் எழுத்துகள் குழம்பித் தெரியும். இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.